காலிக் கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அன்புச்செல்வி ஒரே கேள்வியை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் கேட்டாள். கடந்த மூன்று வாரங்களில் சேர்ந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு அலர்ஜி என்ற கட்டம் காலியாக இருக்கிறது? பழையது இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது. புதியது அறுபத்தைந்து என்றது. தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி கேட்டாள். அதே எண்கள் வந்தன. மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துக் கேட்டாள், அப்போதும் மாறவில்லை.

மந்தைவெளியில் அறுபது படுக்கைகள் கொண்ட அந்த அறக்கட்டளை மருத்துவமனையில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். மாடிப்படிக்குக் கீழே, முன்பு எக்ஸ்ரே பிலிம்கள் அடுக்கி வைத்திருந்த அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். பிலிம்களைக் காலி செய்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பும். அவளுடைய அம்மா சொர்ணம் இதே மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தவள். அடையாறு ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்து அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிய வருடம்தான் அன்புச்செல்வி டிப்ளமோ முடித்தாள். சொர்ணத்தின் முகத்துக்காக டைப் அடிக்கும் வேலைக்கு எடுத்தார்கள். மற்றதை அவளே கற்றுக்கொண்டாள். பாதியை அந்த நீண்ட பஸ் பயணத்தில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு.

பழைய டேட்டாபேஸ் ஒரு பெரிய கம்பெனியுடையது. இந்த மருத்துவமனைக்கு வந்துபோன அத்தனை பேரின் பெயரும் வயதும் நோயும் மருந்தும் அதற்குள்தான் இருந்தன. மார்ச் மாதத்தோடு அந்தப் பதிப்பைக் கம்பெனி கைவிடுகிறது. புதிய பதிப்புக்குக் கேட்ட விலையில் ஒரு அறுவை அரங்கையே புதுப்பித்துவிடலாம். இன்னொரு வழி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ். அறக்கட்டளையின் செயலாளர் ஸ்ரீவத்சன் அதை ஒருமுறை கூட அந்தப் பெயரால் சொன்னதில்லை. "அந்த ஓசி சாஃப்ட்வேர்" என்பார். கிண்டல் இல்லை, பயம். "கம்பெனின்னா ஒருத்தன் இருக்கான். போன் பண்ணிக் கத்தலாம். இது ஒடைஞ்சா நான் யாரைப் போய்க் கேக்கறது, சொல்லு?" என்றார். அவளைத்தான் கேட்பார் என்று இருவருக்குமே தெரியும். கடைசியில், ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டரில் புதியதைப் போட்டு மூன்று வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்து, எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை அறக்கட்டளைக் கூட்டம்.

அவள் மனதுக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். புதியது அவளுக்குப் பிடித்திருந்தது. ஏதாவது சந்தேகம் என்று இணையத்தில் எழுதிப் போட்டால் முகம் தெரியாத யாரோ எந்த நாட்டிலிருந்தோ பொறுமையாகப் பதில் எழுதினார்கள். அவளை யாரும் எந்தக் காலேஜ் என்று கேட்கவில்லை. ஆனால் இப்போது நூற்று நாற்பத்தேழு பேர் இங்கே வித்தியாசப்படுகிறார்கள். மூன்று வாரத்திலேயே நூற்று நாற்பத்தேழு பேரின் தகவலைத் தொலைக்கும் ஒன்றையா நான் சிபாரிசு செய்யவிருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள்.

தேனாம்பேட்டையில் கம்பெனியின் டீலர் அலுவலகத்தில் இருக்கும் மாளவிகாவுக்குப் போன் செய்தாள். தங்கள் சரக்கை விற்க வேண்டியவள்தான் என்றாலும் விஷயம் தெரிந்தவள், நேர்மையாகப் பேசுவாள். கேட்டுவிட்டு மாளவிகா சிரித்தாள்.

"அது எதையும் தொலைக்கல அன்பு. ஒரு கட்டத்தை யாருமே தொடாம விட்டா அது ஒண்ணு. தொட்டு, எதுவும் எழுதாம சேவ் பண்ணா அது வேற ஒண்ணு. நீங்க வச்சிருக்கிற ஓப்பன் சோர்ஸ் ரெண்டையும் தனித்தனியா ஞாபகம் வச்சுக்கும். எங்களோடதுல அந்தத் தலைவலியே கிடையாது. காலின்னா காலி. ரெண்டும் ஒண்ணுதான். இதுக்காகவே நிறைய பேர் மாறாம எங்ககிட்டயே இருந்துடறாங்க."

போனை வைத்ததும் முதலில் வந்தது நிம்மதி. எதுவும் தொலையவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அந்தப் பதிவுத் திரை எப்படி வேலை செய்கிறது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். சேர்க்கைக் கவுன்டரில் இருக்கும் பெண் "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்பாள். இல்லை என்று பதில் வந்தால் ஒரு பொத்தானை அழுத்துவாள். கட்டம் காலியாகப் பதிவாகும். அதுதான் தொட்டுவிட்டு எதுவும் எழுதாதது. அந்த நூற்று நாற்பத்தேழு பேர். அப்படியானால் மீதி அறுபத்தைந்து பேரின் கட்டத்தை யாருமே தொடவில்லை.

புதன்கிழமை காலை அந்த அறுபத்தைந்து பெயர்களை அச்செடுத்துக்கொண்டு தலைமை நர்ஸ் ஜெயலக்ஷ்மியிடம் போனாள். ஜெயலக்ஷ்மி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பட்டியலைப் பார்த்தாள்.

"இவங்க எல்லாம் எமர்ஜென்சி வழியா வந்தவங்கம்மா. அங்க பேரு, வயசு, போன் நம்பர், அவ்ளோதான். மூச்சு வாங்கிட்டு வரவன் கிட்ட நின்னு அலர்ஜி கேக்க முடியுமா?"

"அப்ப எப்ப கேப்பீங்க சிஸ்டர்?"

"வார்டுக்கு வந்ததும்."

"வார்டுல கேக்கறாங்களா?"

ஜெயலக்ஷ்மி பக்கத்தில் இருந்த ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள். நகத்தால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினாள். அலர்ஜி: நில், அதாவது ஒன்றும் இல்லை. "இங்கதான் நில்னு போட்டிருக்கே. கேட்டாச்சுன்னுதானே அர்த்தம்? மறுபடி எதுக்குக் கேக்கணும்?"

அந்த 'நில்' என்ற சொல்லை அங்கே போட்டது அன்புச்செல்விதான். பதினொரு வருடத்துக்கு முன்பு, அவள் எழுதிய முதல் உருப்படியான புரோகிராமே கேஸ் ஷீட் அச்சடிப்பதுதான். அப்போதிருந்த பெரிய டாக்டர், ஷீட்டில் ஒரு வரி வெறுமையாக வருவதைப் பார்த்து எரிச்சல்பட்டார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், காலியாக இருந்தால் நில் என்று அடித்துவிடு என்றார். அவள் அன்று மாலையே ஒரு வரி சேர்த்தாள். காலியாக இருந்தால், நில். காலி என்பதில் இரண்டு வகை உண்டு என்று அவளுக்கு அன்று தெரியாது. அவள் வைத்திருந்த டேட்டாபேஸுக்கும் அது தெரியாது. டாக்டர் அவளைப் பாராட்டினார். அம்மாவிடம் போய்ச் சொன்னாள். சொர்ணம் அதைக் கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னாள்.

அறைக்குத் திரும்பியவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் லாரன்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நேற்றிலிருந்தே அந்த முகம் அங்கே எங்கோ நின்றுகொண்டிருந்தது, அவள் பார்க்காமல் இருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மதிய நேரம். இஃப்ரா என்ற காலேஜ் மாணவியைக் கடும் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வார்டில் லாரன்ஸ் டியூட்டி. பதினாறு வருட அனுபவம் உள்ள நர்ஸ். ஷீட்டைப் பார்த்து, டாக்டர் எழுதியிருந்த ஊசியைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் முகம் வீங்கி மூச்சு அடைத்தது. பிழைத்துவிட்டாள், ஆனால் நான்கு நாள் ஐசியூவில் கிடந்தாள். எங்களை யாருமே கேட்கவில்லை, கேட்டிருந்தால் சின்ன வயதிலிருந்தே அந்த மருந்து ஆகாது என்று சொல்லியிருப்போமே என்று அவளுடைய அம்மா வராந்தாவில் நின்று அழுதாள். விசாரணை நடந்தது. அன்புச்செல்வியைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஷீட்டை அச்சடித்துப் பார்த்துவிட்டு, "நில்னு இருக்கு சார்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அப்படியானால் கவுன்டரில் கேட்டிருக்கிறார்கள், வீட்டார் பதற்றத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டார்கள், ஊசி போடும் முன் மறுபடி கேட்க வேண்டியது நர்ஸின் கடமை என்று முடிவு செய்தார்கள். லாரன்ஸிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள்.

இஃப்ராவின் பதிவை இப்போது திறந்தாள். திறக்காமலே தெரியும், இருந்தாலும் திறந்தாள். சேர்க்கை: எமர்ஜென்சி கவுன்டர். அங்கே திரையில் அலர்ஜிக் கட்டமே வராது. யாரும் கேட்டிருக்க வழியே இல்லை.

அன்று முழுவதும் அவள் அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தாள். கம்பெனியுடையதையே வாங்கலாம் என்று எழுதினால் எல்லாம் முடிந்துவிடும். செயலாளருக்கு மனசு குளிரும். புதிய பதிப்பிலும் காலி என்றால் காலி. நூற்று நாற்பத்தேழும் அறுபத்தைந்தும் மறுபடி ஒன்றாகக் கலந்து இருநூற்றுப் பன்னிரண்டாகிவிடும். அந்த மேசைக் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டால், இந்த மூன்று வாரத்தில் என்ன தெரிந்தது என்று கேட்க ஆளில்லை. ஷீட்டில் வரும் வரியை அவளே சத்தமில்லாமல் திருத்திவிடலாம். திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று ஜெயலக்ஷ்மி கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பெயின்டர். வேலைக்குப் போகிற நாளுக்குத்தான் கூலி. மகள் நான்காவது படிக்கிறாள். வேறு எந்த ஆஸ்பத்திரி, ஒரு டிப்ளமோவை வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே தானாகக் கற்றுக்கொண்டவளை வேலைக்கு எடுக்கும்? அம்மாவின் முகத்தை நினைத்தாள். கேன்டீனில் சொன்னபோது இருந்த முகம்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி ரோட்டுக்குப் போனாள். லாரன்ஸ் அங்கே ஒரு மருந்துக் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா, அல்லது அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பவா? லாரன்ஸ் கவுன்டருக்குப் பின்னால் கத்திரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். முன்னந்தலை முடி நன்றாகக் கொட்டியிருந்தது.

"அட, சொர்ணம்மா பொண்ணு! இன்னா அன்பு, இந்தப் பக்கம்? அம்மா எப்டி கீது?"

"நல்லா கீதுண்ணே." தயங்கினாள். வாடிக்கையாளர் ஒருவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு நிற்காமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்ட கட்டம், தொடாத கட்டம், நில் என்று தான் சேர்த்த வரி, இஃப்ராவின் பதிவு. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருந்த கத்திரிக்கோலையே பார்த்தாள். அது பாதி வெட்டிய அட்டையில் நின்றிருந்தது.

லாரன்ஸ் அந்த அட்டையைக் கடைசிவரை வெட்டி முடித்தார். பின்னால் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமா நான் இன்னா நென்ச்சுக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேன்னு. ஷீட்ல இன்னா இருந்தா இன்னா, வாயத் தொறந்து ஒரு வார்த்த. அது இப்பவும் நெசந்தான். நீ சொல்றதால அது மாறாது."

"இல்லண்ணே, அது எந்தப்பு. நான் எழுதிக் குடுக்கறேன். உங்க பேரு..."

"எம் பேர உடு." கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "நீ எப்ப கண்டுபுடிச்ச?"

"செவ்வாக்கெழம. நேத்துதான் நல்லாப் புரிஞ்சுது."

"இன்னிக்கு வியாழக்கெழம. இப்ப அங்க எத்தினி பேரு அந்த நில்லோட படுத்துக்கினு கீறாங்க?"

அறுபத்தைந்து பேரில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், எத்தனை பேர் இன்னும் படுக்கையில் இருக்கிறார்கள் என்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டு நாளாக அவள் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் தன்னைத்தான். போய்வருகிறேன் என்றுகூடச் சொன்னாளோ இல்லையோ, ரோட்டில் வந்த முதல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஸ்ரீவத்சன் தன் அறையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "வா, லெட்டரா? நாளைக்குத்தானே கேட்டேன்" என்றார். அவள் உட்காரவில்லை. மருந்துக் கடையில் சொன்னதை மறுபடி சொன்னாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக. இஃப்ராவின் பெயரைச் சொன்னபோது அவர் டம்ளரைக் கீழே வைத்தார். லாரன்ஸின் பெயரைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ என்ன சொல்லிண்டிருக்கேன்னு உனக்குப் புரியறதா?"

"புரியுது சார்."

"இதை நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அது குற்றச்சாட்டா, ஆச்சரியமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது என்னவென்று அவருக்கே தெரிந்திருக்குமா என்று தோன்றியது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "சரி, கம்பெனியோடதையே வாங்கிட்டா இது சரியாயிடுமா?" என்றார்.

"வித்தியாசம் வெளியில தெரியாது சார். அவ்ளோதான்."

"அப்போ உன் சிபாரிசு அந்த ஓசி..." நிறுத்திக்கொண்டார். "அந்தப் புதுசுதானா?"

"ஆமா சார். ஆனா அதுக்கு மாறினாலும் பழைய பதினோரு வருஷத்துல யாரக் கேட்டோம், யாரக் கேக்கலன்னு பிரிக்க முடியாது. அது போனது போனதுதான். திரும்ப வரவங்க ஒவ்வொருத்தரையும் புதுசாக் கேக்கணும்."

"அது ஒடைஞ்சுதுன்னா?"

"நான்தான் சார் பதில் சொல்லணும்."

"இதுக்கும் நீதானே பதில் சொல்லியாகணும்?"

அவள் தலையாட்டினாள். அவர் மேசை மேலிருந்த ஒரு காகிதத்தை எடுத்தார், எதுவும் படிக்காமல் திருப்பி வைத்தார். "திங்கட்கிழமை கூட்டத்துல நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியலைம்மா. உன்னைப் பத்தியும் சேர்த்துத்தான் சொல்றேன். டேட்டாபேஸ் பத்தி ஒரு பக்கம் எழுது. இதைத் தனியா எழுது."

"அதுல லாரன்ஸ் அண்ணன் பேரையும் எழுதணும் சார்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துப் பெரிய டாக்டரின் எண்ணைத் தேடிக்கொண்டே, "நீ முதல்ல வார்டுக்குப் போ" என்றார்.

அன்புச்செல்வி தன் அறைக்கு ஓடினாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய அந்த வரியை எடுத்துவிட்டு, 'கேட்கவில்லை' என்று அச்சாகும்படி மாற்றினாள். ஐந்து நிமிட வேலை. பிறகு இப்போது படுக்கையில் இருக்கிறவர்களின் பட்டியலை எடுத்தாள். முப்பத்தெட்டு பேர். பழைய பதிவில் யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்று பிரிக்க முடியாது என்பதால் எல்லோரையும்தான் கேட்க வேண்டும். ஜெயலக்ஷ்மி அவள் சொன்னதைக் கேட்டதும் நான்கு மணி ஊசிகள் வைத்திருந்த டிரேயை ஓரமாக நகர்த்தினாள். "ஆம்பள வார்டு நீ ஆரம்பி. நான் பொம்பள வார்டு" என்றாள்.

முதல் கட்டிலில் மண்ணாங்கட்டி என்ற பெயருள்ள ஒருவர். அறுபது வயது இருக்கும். காலில் புரையோடிய புண். நான்கு நாளாக ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் உடை இல்லாமல் பேனாவும் காகிதமுமாக வந்தவளைப் பார்த்து ஏதோ கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து உட்கார முயன்றார்.

"படுத்துக்கோ நைனா. உனுக்கு எந்த மருந்தாவது, ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா? உடம்பு தடிச்சுது, அரிப்பெடுத்துது, மூச்சு முட்டுச்சு, அந்த மாரி?"

"ஊசியா, மாத்திரயா?"

"எதுன்னாலும்."

"இதுவரிக்கும் யாரும் கேக்கலியேம்மா." அவர் கூரையைப் பார்த்தார். "ஒரு தபா, சைதாப்பேட்டைல கீற சொல்லோ... வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முன்னாலயா, பின்னாலயா... இரு, இரு. நென்ச்சுப் பாத்துச் சொல்றேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தன. அன்புச்செல்வி அவசரப்படுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையை ஊன்றி இந்தப் பக்கம் ஒருக்களித்தார். எதிர்ப்புறம் இருந்த இளைஞன் போனை எடுத்து, "எம்மா, சின்ன வயசுல எனக்கு ஏதோ ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுச்சுன்னு சொல்லுவியே, அது என்ன ஊசி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் ஒவ்வொருவராகத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வார்டின் கடைசிக் கட்டில்வரை எல்லோரும் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.